ஆவாரங்கரடு

மழை விட்டு ஒரு வாரம் கழிந்தால்தான் ஆவாரம்பட்டை இளகும். அவசரப்பட்டால் நார் நாராகக் கிழியும். நாள் தாண்டிவிட்டாலோ கட்டையை விட்டு வராது. பொன்னழகுக்கு அந்தப் பதம் விரலிலேயே தெரியும். வெட்டிப்போட்ட விளாரைப் பாறைமேல் கிடத்தி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் அடியிலிருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போவாள். பிறகு இடது கையால் ஒரு முறுக்கு. பட்டை முழுசாகக் கழன்று சுருண்டு விழும். கையில் ஈரமான வெள்ளைக் குச்சி மிஞ்சும். குச்சி அடுப்புக்கு. பட்டை, தோல் பதப்படுத்தத் திண்டுக்கல் தோல் ஷாப்புக்கு. ஒரு பருவம் இந்த வேலை செய்தால் உள்ளங்கை துரு நிறமாகிவிடும். என்ன தேய்த்தாலும் சித்திரை வரைக்கும் போகாது.

வடமதுரைக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி, செங்கரட்டுப்பட்டி என்று நாற்பது வீட்டு ஊர். ஊருக்குக் கிழக்கே அந்தக் கரடு. மலை என்று சொல்ல முடியாது, மேடு என்று தள்ளவும் முடியாது. ஏர் இறங்காத சரளை மண்ணில் ஆவாரை மட்டும் இடுப்பளவுக்கு அடர்ந்து கிடந்தது. கார்த்திகையில் பூக்கத் தொடங்கினால் தைவரைக்கும் மஞ்சள்தான். திருச்சி ரயிலில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார்கள்.

ஊருக்கு ஒரு கட்டு இருந்தது. கரட்டை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கில்தான் வெட்டலாம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் அரிவாள் போடலாம். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கரட்டில் ஏறக்கூடாது. எந்தக் காலத்தில் யார் போட்ட கட்டு என்று ஒருவருக்கும் தெரியாது. வெட்டு தொடங்கும் நாளில் எல்லைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது பொன்னழகின் புருஷன் கருப்பணனின் வேலை. யாராவது தாழ வெட்டிவிட்டால் போதும், குனிந்து கையை விரித்துச் சாண் போட்டுப் பார்ப்பான்.

"ஏப்பா, முடிவெட்டச் சொன்னா கழுத்த வெட்டுவியா நீயி?"

சனங்கள் சிரிப்பார்கள். ஆனால் மறுபடி தாழ வெட்டமாட்டார்கள்.

கருப்பணன் வீட்டில் அவனும் அவளும்தான். பிள்ளை இல்லை. கரட்டடியில் முக்கால் ஏக்கர் நிலமும் அதில் ஒரு கிணறும் உண்டு. கத்தரி, வெங்காயம், மழை பார்த்துக் கம்பு. வெயில் காலத்தில் கருப்பணன் ஆவாரங்கொழுந்தைப் பறித்துத் தலையில் பரப்பி அதன்மேல் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிலத்தில் இறங்குவான். சாயங்காலம் துண்டை அவிழ்த்தால் வாடிய இலை அவன் தோளெல்லாம் உதிரும். பொன்னழகு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள்.

பட்டை வாங்க வருகிறவர் பீர் முகமது. திண்டுக்கல்லிலிருந்து இரண்டு மாட்டுவண்டியோடு வந்து நிறுத்துப் போட்டுக்கொண்டு போவார். இருபது வருஷப் பழக்கம். ஐம்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில் வண்டி இல்லாமல் சைக்கிளில் வந்தார்.

"கருப்பணா, கரடு கைமாறிப் போச்சுப்பா" என்றார்.

"கரடு எங்க பாய் போகும்? அங்கனயேதான கெடக்கு."

"புறம்போக்குல பட்டை வெட்டுறதுக்கு இனிமே ஏலமாம். மேல இருந்து உத்தரவு. திண்டுக்கல் யாவாரி தங்கமுத்து எடுத்திருக்காரு. நானும் போனேன், கட்டுப்படி ஆகல."

"எடுத்துட்டுப் போகட்டும். அவுகளும் பட்டைதான வாங்கப் போறாக? நாங்க எப்பயும்போல ஒரு பங்கு வெட்டித் தாரோம்."

பீர் முகமது சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு வருஷத்துக்குத்தான்யா அவருக்கு. மறுவருஷம் வேற எவனாவது எடுப்பான். ஒரு வருஷம் கையில வச்சிருக்கவன் ரெண்டாம் வருஷத்தப் பத்தி என்னத்துக்கு நெனைக்கப் போறான்?"

அவர் சொன்னது பத்தாம் நாளே தெரிந்தது. தங்கமுத்து ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், பெயர் கேட்டார். பிறகு கரட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சொன்னார்:

"தண்டுப்பட்டை வேற, வேர்ப்பட்டை வேற. வேர்லதான் தடிமன். கடப்பாரை நான் தாரேன். மூணு பங்கு, ஒரு பங்கெல்லாம் வேணாம். முழுசும் எடுத்துருங்க. எடைக்கு எடை கூலி. உடனே கையில."

கருப்பணன் எழுந்தான். "வேர எடுத்துட்டா திரும்பத் தழையாதுங்க."

"தழையிறதப் பாக்க நான் இருக்க மாட்டேனேப்பா" என்று தங்கமுத்து சிரித்தார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம். வேடசந்தூர்ல இருந்து ஆள் கூட்டியாரேன்."

அந்த வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் மழை சரியில்லை. கம்பு கதிர் பிடிக்காமல் தட்டையாகவே நின்று காய்ந்தது. பொன்னழகின் வீட்டில் குதிருக்குள் கையை விட்டால் மண்தான் தட்டுப்பட்டது. காலையில் கூழ், அந்திக்கும் கூழ். மூன்றாம் நாள் ஊரில் பாதிப் பேர் கடப்பாரையோடு கரடு ஏறிவிட்டார்கள்.

"நானும் போறேன்" என்றாள் பொன்னழகு.

கருப்பணன் கிணற்றுக் கயிற்றுக்கு முறுக்கேற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"போகாத புள்ள."

"அப்ப அடுப்புல எதப் போடட்டும்? சொல்லுங்க."

"ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்புல வேல இருக்குங்கிறாக. நான் போயி..."

"நீங்க போயி எப்பத் திரும்ப? அதுக்குள்ள இங்க ஒண்ணும் இருக்காது. நாம புடுங்கலேன்னா கரடு அப்படியே நிக்கப் போகுதா? அடுத்தவ புடுங்குவா. நாம பட்டினியும் கெடந்து, மொட்டைக் கரட்டையும் பாக்கணுமாக்கும்."

"அடுத்தவ புடுங்கட்டும். நம்ம கை செய்யவேணாம்."

"கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய? திங்கவா?"

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். பொன்னழகு கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் தூரைச் சுற்றித் தோண்டுகையில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பியதும், பூமிக்குள் எங்கோ ஆழத்தில் வேர் அறுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் இந்தச் செடியிலிருந்து அவள் கேட்டிராத சத்தம். அவள் உயரத்துக்கு நீளமான வேர். மண்ணோடு கல்லையும் கவ்விக்கொண்டு வந்தது. பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்த தூருக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் எண்ணிக்கை மறந்துபோனது. பக்கத்தில் தோண்டியவள் முந்திவிடுவாளோ என்ற வேகம் மட்டும் கையில் இருந்தது.

அன்று அரிசிச்சோறு பொங்கினாள். கானப்பயறுத் துவையல் வெஞ்சனம். கருப்பணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். சாப்பிடமாட்டான் என்று நினைத்திருந்தாள். சாப்பிட்டான். மறுசோறும் வாங்கினான். அவன் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை கத்தியிருப்பாள்; தீர்ந்துபோயிருக்கும். அவன் பசியோடு சாப்பிட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மூன்று மாதத்தில் கரடு வெறும் செம்மண்ணாகிவிட்டது. அந்த வருஷம் பொங்கலுக்கு முதல் நாள் கூரையில் காப்புக் கட்ட வேப்பிலை இருந்தது, பூளைப்பூ இருந்தது. ஆவாரம்பூ இல்லை. பெண்கள் ரயில் பாதை ஓரத்துக்கு நடந்தார்கள். அங்கே கம்பிவேலிக்குள் ரயில்வே நிலத்தில் மட்டும் கொஞ்சம் ஆவாரை தப்பி நின்றது. வெளியே நின்று வேலிக்குள் கையை நீட்டி ஆளுக்கு ஒரு கொத்துப் பறித்துக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் திரும்பினார்கள்.

மறு ஐப்பசியில் மழை வந்தது. இரண்டு வருஷமாகக் கேட்ட மழை மூன்றே நாளில் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் கரட்டுப் பக்கமிருந்து கனத்த இரைச்சல். பொன்னழகு வெளியே வந்து பார்த்தபோது, கரட்டின் முதுகெல்லாம் சிவப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வரவில்லை, மண் வந்தது. சரளையும் கல்லும் உருண்டு வந்தன. கருப்பணன் மண்வெட்டியோடு வரப்பில் நின்று மறிக்கப் பார்த்தான். முழங்கால்வரை புதைந்தபிறகு அவள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மழை விட்ட அன்று கத்தரிக்காடு இருந்த இடத்தில் சரளை மேடு கிடந்தது. கிணறு முக்கால்வாசி தூர்ந்திருந்தது. கருப்பணன் கிணற்றுமேட்டில் குந்தி வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திட்டவாவது திட்டுங்களேன்" என்றாள் பொன்னழகு.

"உன்னய எதுக்குத் திட்ட? அந்தச் சோத்த நானுந்தான தின்னேன்."

தையில் ஒரு மேஸ்திரி ஊருக்கு வந்தான். கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் சர்க்கார் மரம் வைக்கிறது, ஆள் வேண்டும் என்றான். கருப்பணன் பேர் கொடுத்துவிட்டு வந்து சொன்னான்.

"என்ன மரம்?" என்று கேட்டாள்.

"சீமை மரம். வாட்டிலாம். ஆறு மாசம். வந்து கிணத்தத் தூர் எடுத்துருவோம்."

"நானும் வாரேன்."

"குளிரு தாங்கமாட்ட. நெலத்தப் போட்டுட்டு ரெண்டு பேரும் போனா ஊர்ல நமக்குன்னு என்ன இருக்கு? இரு புள்ள. வந்துருவேன்."

ஆறு மாதம் ஒரு வருஷமானது. பொங்கலுக்கு வந்தான். நாலு நாள் இருந்தான். கிணற்றில் பாதித் தூர் எடுத்தான். அந்த நாலு நாளும் கிழக்கே திரும்பவே இல்லை என்பதைப் பொன்னழகு கவனித்தாள். கரட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான்; பல் விளக்கக்கூட மேற்கே போனான். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. பிறகு அதுவும் இல்லாமல் மேஸ்திரி கையில் பணமும், யாரையாவது எழுதச் சொல்லி ஒரு கார்டும். 'நான் நலம். இங்கே பனி அதிகம். நீ வேளைக்குச் சாப்பிடு.'

மழை பெய்து வானம் கழுவிவிட்ட நாட்களில் மேற்கே கொடைமலை நீலமாகத் தெரியும். மற்ற நாட்களில் வெறும் புகைதான். களையெடுக்கப் போன காட்டில், வேலைக்கு நடுவே பொன்னழகு செத்த நேரம் நிமிர்ந்து நின்று அந்தப் பக்கம் பார்ப்பாள். உச்சி வெயிலில் யாராவது ஆம்பளை தலையில் துண்டு கட்டிக்கொண்டு தூரத்தில் வந்தால் வேலையை விட்டு வரப்புக்கு ஏறிவிடுவாள். ஆவாரங்கொழுந்தின் வாடின வாசனை காற்றில் வந்ததுபோல இருக்கும். எங்கிருந்து வரும்? சுற்றுவட்டாரத்தில் ஒரு செடி கிடையாது.

அறுபத்திரண்டாம் வருஷம் மாசியில் அவள் கிளம்பிவிட்டாள். வத்தலக்குண்டு போய் பஸ் மாறி, மலையேறி, இரண்டு தடவை வாந்தி எடுத்து, கொடைக்கானலில் மேஸ்திரியின் தம்பியைப் பிடித்து, மரம் ஏற்றுகிற லாரியில் மேல்மலைக்குப் போய் இறங்கினாள். குளிர் காதைக் கடித்தது. தகரக் கொட்டகை வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள் விறகு பிளந்துகொண்டிருந்தான். அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. முடி பாதி நரைத்திருந்தது.

"ஏ புள்ள" என்றான். கோடரியைக் கீழே வைக்க மறந்து நின்றான். "எப்படி வந்த? தனியாவா வந்த?"

"பின்ன? கூட வர யாரு இருக்கா?"

வெந்நீர் வைத்துக் கொடுத்தான். தன் கம்பளியை அவளுக்குப் போர்த்தினான். கிழங்கும் சோறும் பொங்கிப் போட்டான். ஊரில் ஒருநாளும் அடுப்புப் பக்கம் வராத மனுஷன். பொன்னழகு சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். அவன் பார்க்காததுபோல விறகைத் தள்ளிவிட்டான்.

மறுநாள் அவனோடு வேலைக்குப் போனாள். குன்று குன்றாகப் புல். மரமே இல்லாத, மெத்தை மாதிரியான புல். அதற்குள் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். ஒரு பக்கத்துக் குன்றெல்லாம் வரிசையாகக் குழி. குழிக்கு ஒரு நாற்று. அதற்கும் அப்பால் நாலு வருஷத்துக்கு முன்பு வைத்த மரங்கள் கருகருவென்று நெருக்கி நின்றன. அதன் அடியில் ஒரு புல் இல்லை. கருப்பணன் கடப்பாரையால் புல்கட்டையைப் பெயர்த்துத் தள்ள, அவள் நாற்றை வைத்து மண் அணைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்து நாலு வருஷமாகிறது. அந்தச் சந்தோஷத்தில் உச்சிவரை அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

உச்சிப்பொழுதில் எருமை ஓட்டிக்கொண்டு மேல்மலைப் பெண் ஒருத்தி வந்தாள். குழி வெட்டிய சரிவின் ஓரத்தில் எருமைகள் தயங்கி நின்றன. அவள் பொன்னழகைப் பார்த்து, கோபமில்லாமல், விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்:

"கீழ்நாட்டுக்காரியா நீ? அடுத்த குன்னையும் வச்சிருவீகளா?"

"எனக்குத் தெரியாதும்மா. சொல்ற எடத்துல வைக்கிறோம்."

"அதையும் வச்சுட்டா நாங்க மாட்ட எங்குட்டு ஓட்டுறது?"

அந்தப் பெண் சற்று நேரம் நின்றுவிட்டு எருமைகளைத் திருப்பிக்கொண்டு போனாள். பொன்னழகு கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தாள்.

"இங்கயும் அதத்தானா செய்யிறீங்க?" என்றாள்.

கருப்பணன் கடப்பாரையை ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். "அங்க புடுங்கினோம். இங்க நடுறோம்ல."

"இந்தப் புல்லப் பேத்துட்டுத்தான நடுறீங்க?"

அவன் பெயர்த்துப் போட்ட புல்கட்டை ஒன்றைக் காலால் புரட்டினான். பிறகு அவளைப் பார்க்காமல், வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மொத நாளே ஆபீசர் ஒருத்தர் சொன்னாரு. இந்த மரத்துப் பட்டையும் தோல் பதப்படுத்தத்தானாம். இது வெளஞ்சு வந்துட்டா கீழ ஒருத்தனும் ஆவாரையைத் தொட மாட்டான்னாரு. அதக் கேட்டுத்தான் புள்ள இங்க இருந்தேன். ஒரு நாத்து வச்சா அங்க ஒரு தூரு தப்பும்னு நெனச்சுக்கிட்டே வச்சேன். கூலிக்குன்னா ஆறு மாசத்துல வந்துருக்க மாட்டேனா?"

கீழே ஒரு தூர்கூட மிச்சமில்லை என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் நாலு வருஷம் இந்தக் குளிரில் நட்டிருக்கிறான்.

"வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"என்னத்தப் பாக்க வரச் சொல்ற? அந்தக் கரட்டப் பாக்கவா?"

"என்னயப் பாக்க வாங்க."

அவன் முகம் ஒரு கணம் கலங்கியது. "இந்தச் சரிவு முடியட்டும்" என்றான்.

மூன்றாம் நாள் அவள் மட்டும் லாரி ஏறினாள். கொடைக்கானல் வரை கூட வந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். பஸ் நகர்ந்தபிறகும் இரண்டு எட்டு கூடவே நடந்தான்.

ஊருக்கு வந்த மறுநாள் பொன்னழகு ரயில் பாதைக்குப் போனாள். ஆவாரங்காய் நெற்று முற்றித் தட்டையாகத் தொங்கியது. வேலிக்குள் கையை விட்டு மடி நிறையப் பறித்தாள். தண்டவாளம் பார்க்க வந்த கேங்மேன் சத்தம் போட்டான்.

"ஏம்மா, ரயில்வே எடத்துல என்ன திருடுற?"

"வெத எடுக்கிறேன் அப்பு."

"ஆவாரம் வெதையா? அத வச்சு என்ன செய்வ?"

"வெதைப்பேன்."

அவனுக்கு அது புதுசாக இருந்தது. அவளையே பார்த்துவிட்டுச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அந்த ஐப்பசியில் கரட்டில் விதைத்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. கல் மாதிரி விதை. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. மறுவருஷம் விதையை மணலோடு ஆட்டுக்கல்லில் போட்டு லேசாக உரசி, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தாள். முளைத்தது. முளைத்ததை வெள்ளாடு மேய்ந்தது. அதற்கடுத்த வருஷம் உடைமுள் வெட்டி வந்து வட்டவட்டமாக வேலி போட்டாள். காலும் கையும் கிழிந்து ரத்தம் கசிந்தது. 'புருஷன் இல்லாத வீட்டுல பொம்பளைக்குப் புத்தி பெசகிப் போச்சு' என்று ஊரில் பேசினார்கள். ஆனால் கூடவே இரண்டு பேர் தங்கள் ஆடுகளை மறுபக்கம் ஓட்டத் தொடங்கினார்கள். அன்று கரட்டில் வேரைத் தோண்டக் கடப்பாரை பிடித்தவர்கள்தான்.

அறுபத்துநாலில் ஒருநாள் பீர் முகமது வந்தார். வயதாகிவிட்டது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"தோல் ஷாப்புல இப்ப ஆவாரையை யாரும் கேக்கிறதில்ல தங்கச்சி. வாட்டில்தான். மலையில இருந்தும் வருது, கப்பல்ல சாறாவே காய்ச்சியும் வருதாம். இனிமே உங்க கரட்ட எவனும் தொட மாட்டான்."

"தொடுறதுக்கு என்ன இருக்கு பாய்?"

"அதான்" என்றார் பீர் முகமது. கரட்டுப் பக்கம் பார்த்தார். "இந்தச் சேதி ஒரு எட்டு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம்."

அவர் போனபிறகு, அந்தச் சேதியைக் கார்டில் எழுதச் சொல்லலாமா என்று யோசித்தாள். உன் மரம் வந்துவிட்டது, ஆவாரை தப்பிவிட்டது என்றா எழுதுவது? எழுதவில்லை.

கார்த்திகை பிறந்து பத்து நாள் இருக்கும். காலை வெயிலில் பொன்னழகு கரட்டில் முள்வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கீழே வரப்பில் ஒரு ஆள் தகரப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கம்பளி தோளில் கிடந்தது. அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவன் மெதுவாக ஏறி வரத் தொடங்கினான்.

பாதி தூரம் வந்ததும்தான் வாய் திறந்தாள். "பாத்து வாங்க. கால் வைக்கிற எடத்துல இருக்கும்."

கருப்பணன் சட்டென்று நின்றான். கீழே பார்த்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"எது புள்ள?"

"அதான், உங்க கால்கிட்ட."

அவனுக்குத் தெரியவில்லை. கரட்டில் ஒவ்வொரு தூரையும் அறிந்தவன். ஆனால் வெட்டிய கட்டையிலிருந்து தழைத்த ஆவாரையைத்தான் அவன் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். விதையிலிருந்து வந்த கன்றைப் பார்த்ததே இல்லை. குந்தி உட்கார்ந்து, ஒரு புல்லைத் தொட்டான்.

"இதா?"

"அது கொழுக்கட்டைப் புல்லு. இந்தா, இது."

விரல் நீளம் இருந்தது. நாலு ஜோடி இலை. அவன் தொடவில்லை. கையைப் பக்கத்தில் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"பூக்க எத்தன வருஷம் ஆகும்?"

"தெரியலையே. யாரு வெதச்சுப் பாத்தா?"

அவன் எழுந்தான். அவள் நின்ற இடத்துக்கு இன்னும் இருபது எட்டு இருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் நின்று, "இங்க வைக்கலாமா?" என்று கேட்டான். அவள் மேலிருந்து சொல்லச் சொல்ல, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, மெதுவாக ஏறி வந்தான்.